குச்சி இறங்கும் வரை

எங்கள் ஜவ்வாது மலையில் ஆட்டைக்கூடக் கத்தவிடாமல் செய்த ஒரே மனிதர் குச்சி சார்தான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் காவலூருக்கு வந்து எங்கள் தெருவில் ஆடு வளர்க்கிற யாரையும் கேட்டுப் பார்க்கலாம். அவர் வீட்டு வாசலில் சிவப்பு பல்பு எரிந்தால் முதலில் ஓடிப்போய் ஆட்டின் வாயைப் பொத்த வேண்டும். குழந்தையின் வாய் அதற்கு அப்புறம்தான்.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ரேஷன் கார்டிலும் கேஸ் புத்தகத்திலும் அதுதான். ஆனால் தபால்காரர்கூட "குச்சி சார் வூடு எது?" என்றுதான் கேட்டு வந்தார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய ரேடியோ ஏரியல் இருக்கும். இழுத்தால் ஒரு முழம் நீளும், அழுத்தினால் பைக்குள் அடங்கிவிடும். பேச்சு சூடு பிடித்தால் அதை நீட்டிவிடுவார். டீக்கடையில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள் டீயைவிடக் கண்ணை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்வார்கள்.

சென்னையில் சினிமாப் பாட்டுப் பதிவு செய்கிற ஸ்டுடியோக்களில் நாற்பது வருஷம் ஃபிடில் வாசித்தவர். வயலின் என்று சொன்னால் முறைப்பார். "வயலின்னு சொல்றவன் வாங்க வர்றவன். ஃபிடில்னு சொல்றவன் வாசிக்கிறவன்" என்பார். கடைசி வரிசையில் கடைசி நாற்காலியில் ஆரம்பித்து, ஒவ்வொரு நாற்காலியாக முன்னால் நகர்ந்து, முதல் நாற்காலிக்கு வந்து, அதற்கு மேல் நாற்காலி இல்லாததால் எழுந்து நின்று எல்லாருக்கும் குச்சி ஆட்டுகிற கண்டக்டர் ஆனாராம். சாயங்காலங்களில் வீட்டு மாடியில் ஃபிடில் வகுப்பு வேறு.

"கண்டக்டர்னா எந்த ரூட்டுன்னு யாரும் கேக்காதீங்க. அந்த ஜோக்கை மெட்ராஸ்லயே தேச்சு முடிச்சுட்டாங்க" என்று வந்த அன்றைக்கே தெருவில் அறிவித்தார். எதிரே நின்றிருந்த முருகேசன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

முருகேசன் நெல்லிவாசல்நாட்டுக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். சாரை மலைக்கு ஏற்றி வந்தவனும் அவன்தான். அது கொரோனா முடிந்த மறு வருஷம். சாருடைய சாமான் என்று பார்த்தால் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், பத்து நீளப் பெட்டி. பெட்டிகளில் எல்லாம் ஃபிடில். ஒன்று அவருடையது. மற்றவை சாரோடு வாசித்தவர்கள் ஒவ்வொருவராக வேலை நின்றபோது, "வூட்ல சும்மா கெடக்குது, நீ வெச்சுக்கய்யா" என்று கொடுத்துவிட்டுப் போனவையாம்.

எங்கள் மலையில் நீளப் பெட்டியைப் பார்த்தால் சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள். சந்தன மரம் இருக்கிற காடு. காவலுக்கு இருந்தவர் ஒரு பெட்டியைத் திறந்து, ஃபிடிலை எடுத்து மோந்து பார்த்தார்.

"இது இன்னா மரம்?"

சாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "முதுகு மேப்பிள். வயிறு ஸ்ப்ரூஸ்."

"ரெண்டு மரமா? ரெண்டுக்கும் பர்மிட் கீதா?"

"அண்ணே, அது வாசிக்கிறதுண்ணே" என்றான் முருகேசன்.

"அப்படின்னா வாசிக்கச் சொல்லு."

சார் ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து வாசித்தார். காவல்காரர், "சரி, அடுத்த பெட்டி" என்றார். பத்துப் பெட்டியையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். அதற்குள் பின்னால் ஒரு பால் வண்டி, ஒரு பஸ், நாலைந்து பைக் எல்லாம் வரிசையில் நின்றுவிட்டன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. முருகேசனிடம் சார் சொன்னாராம்: "பாத்தியாய்யா, ஹாரன் அடிக்காத ஜனம். நான் சரியான ஊருக்குத்தான் வந்திருக்கேன்."

அவர் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்ததே ஒரு கணக்குப் போட்டுத்தான். காவலூரில் வானத்தைப் பார்க்கிற பெரிய தொலைநோக்கி இருக்கிறது. வெளிச்சம் மேலே போய் நட்சத்திரத்தை மறைத்துவிடக் கூடாது என்று விளக்குப் போடுவதில்கூட எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கவனம் உண்டு. இதை எங்கேயோ படித்திருக்கிறார். "வெளிச்சத்துக்கே இவ்ளோ மரியாதை பண்ற ஊரு, சத்தத்துக்கு எவ்ளோ பண்ணும்!" என்று நினைத்து வாடகைக்கு வீடு பிடித்துவிட்டார். அந்த வீட்டுக்கு நேர் எதிரே என்ன இருக்கிறது என்று அவர் விசாரிக்கவில்லை.

நேர் எதிரே இருந்தது என் மாவு மில்.

மறுநாள் காலையில் நான் மில்லைப் போட்டதும் சார் லுங்கியோடு ஓடி வந்தார். ஏரியலை முழு நீளத்துக்கு நீட்டியிருந்தார். நான் கூச்ச சுபாவம் உள்ளவன். பத்தாவது வரை படித்ததில் ஒரு நாளும் வகுப்பில் கை தூக்கியதில்லை. யாராவது திட்ட வந்தால் சல்லடையைப் பார்த்து நின்றுவிடுவேன். அன்றைக்கும் அப்படியே நின்றேன். திட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் தலையைச் சாய்த்து மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்தாத" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஒரு ஃபிடிலை எடுத்து வந்தார். கேழ்வரகு மூட்டைமேல் உட்கார்ந்து, மோட்டார் சத்தத்தோடு கம்பியைச் சேர்த்துத் திருகினார். "உன் மெஷின் சுத்தமா ஒரே சுதியில நிக்குதுய்யா. எங்க செட்டுல பாதிப் பேருக்கு இது வராது."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் குறைந்தது. எங்கள் ஊர் கரண்ட் அப்படித்தான். மோட்டார் முனகிக்கொண்டே கீழே இறங்கியது.

"ஏய், ஏய்! ஏன்யா எறங்குற?"

"நான் எறங்கலீங்க. கரண்டு எறங்குது."

"அதுக்குன்னு? நீ பிடிச்சு நிக்க வேணாமா?"

அன்றிலிருந்து மில் ஓடினாலும் எனக்குத் திட்டு, ஓடாவிட்டாலும் திட்டு. சுதி சேர்க்கிற நேரத்தில் மில் ஓட வேண்டும். வாசிக்கிற நேரத்தில் நிற்க வேண்டும். இதற்காகத்தான் அந்த சிவப்பு பல்பு வந்தது.

ஸ்டுடியோவில் பாட்டுப் பதிவாகும்போது கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியுமாம். அது எரியும்போது யாராவது இருமினால்கூட அத்தனை பேர் வாசித்ததும் வீண். "டேக் போச்சு" என்பார்கள். திரும்ப முதலில் இருந்து வாசிக்க வேண்டும். சார் அந்த வழக்கத்தை அப்படியே எங்கள் தெருவுக்குக் கொண்டு வந்தார். வாசலில் உட்கார்ந்து தினமும் காலையிலும் மாலையிலும் வாசிப்பார். பல்பு எரிந்தால் தெரு மூச்சு விடக் கூடாது.

நியாயமாக ஊர் சண்டைக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் தையல்கடை ஷகீலா அக்கா ஒரு வார்த்தை சொன்னார். அவர் வாணியம்பாடியில் இருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். எங்கள் தெருவில் எந்த வழக்குக்கும் அவர் வாய்தான் தீர்ப்பு. "அங்க நட்சத்திரம் பாக்கிறாங்கன்னு லைட்டை மூடறோம். இங்க ஒரு மனுஷன் பாட்டு பாக்கிறாரு, வாயை மூடினா இன்னா கொறஞ்சி போவுது?" அதோடு ஊர் அடங்கிவிட்டது.

அடங்கியது என்றால் சாதாரண அடக்கம் இல்லை. முருகேசன் தெருமுனையிலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, "எறங்கி தள்ளுங்க, டேக் ஓடிக்கினு கீது" என்பான். காசு கொடுத்து ஏறியவர்கள் இறங்கி, வாயைத் திறக்காமல் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போவார்கள். பால்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். ஒரு தடவை, பெண் பார்க்க வந்தவர்கள் "எத்தனை பவுன் போடுவீங்க?" என்று கேட்ட நிமிஷத்தில் பல்பு எரிந்துவிட்டது. பெண் வீட்டார் பதில் சொல்லாமல் கைகட்டி உட்கார்ந்துவிட்டார்கள். சார் அன்றைக்கு வெகுநேரம் வாசித்தார். வந்தவர்கள் அந்த மௌனத்தைப் பார்த்துப் பயந்து, பல்பு அணைந்ததும் "நீங்க போடறதைப் போடுங்க" என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கல்யாணம் முடிந்து அவர்களுக்கு இப்போது ஒரு குழந்தைகூட இருக்கிறது. சத்தமே போடாத குழந்தை.

பல்பைவிட முக்கியமான சட்டம் ஒன்று இருந்தது. வாசித்து முடித்தாலும் முடிந்ததாக அர்த்தம் இல்லை. சார் ஃபிடிலை மடியில் வைத்துவிட்டு, அந்த ஏரியல் குச்சியை மேலே தூக்கிப் பிடித்திருப்பார். அது கீழே இறங்கும் வரை தும்மக்கூடக் கூடாது.

"பாட்டு முடிஞ்சிருச்சே சார்?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"கை நின்னா பாட்டு முடிஞ்சிருச்சா? கடைசி நாதம் காத்துல கரையணும்யா. மைக்கு அதையும் பிடிக்கும்."

"மைக்கு எங்க கீது?"

"இருக்குன்னு நெனச்சுக்க!"

நினைத்துக்கொண்டோம். வேறு வழி?

பத்து ஃபிடில் சும்மா இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஆள் பிடிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுங்களுக்குப் பரீட்சை இருக்கும். எனக்கு ஓடிப்போக முடியாத ஆளுங்க வேணும்" என்றார். கடை வைத்திருப்பவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், அசையாமல் ஓர் இடத்தில் இருப்பவர்கள். முதலில் மாட்டியது நான். 'முடியாது' என்கிற சொல் எனக்கு வாயில் வராது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "கூச்சப்படறவன்தான்யா ஆர்கெஸ்ட்ராவுக்கு வேணும். பக்கத்துல இருக்கிறவனை இடிக்காம வாசிப்பான்." அடுத்து முருகேசன், ஷகீலா அக்கா, இன்னும் சிலர்.

எங்களில் யாருக்கும் இசை தெரியாது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவரவர் தொழிலில் இருந்தே ஃபிடிலைச் சொல்லிக் கொடுத்தார். முருகேசனுக்கு விரல் வைக்கிற இடமெல்லாம் கியர். "ஃபர்ஸ்ட்ல எடு... செகண்ட்... வளைவு வருது, கிளட்ச்சை விடாத... ஏறு ஏறு, தேர்டு!" ஷகீலா அக்காவுக்கு வில் போடுவது தையல். "இது நேர் தையல்மா, ஒரே இழுப்பு. இங்க காஜா, குட்டிக் குட்டியா. இங்க பிசிறு தெரியுது பாரு, ஓவர்லாக் பண்ணு." எனக்கு மட்டும், "நீ சலிக்கிற மாதிரி வாசி. அமுக்காத. மாவு தானா விழணும்" என்பார். சலிக்கிற மாதிரி நினைத்ததும் என் கை நிஜமாகவே சரியாகப் போயிற்று.

அவர் எங்கள் பெயரையும் மாற்றிவிட்டார். முருகேசன் 'ஜீப்பு', ஷகீலா அக்கா 'டெய்லரம்மா', நான் 'மில்லு'.

வீட்டில் என் மனைவி செல்வி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "தோள்ல மாவு மூட்டை வெச்சா ஒரு பொருத்தம் கீது. இத்த வெச்சிக்கினு நிக்கிறியே" என்பாள். நான் வீட்டில் பழகின முதல் வாரம் பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் கொண்டு வந்தார். "உங்க வூட்டுக் கதவு ரொம்பக் கத்துது செல்வி. கீலுக்கு விடு." செல்வி அந்த எண்ணெயை வாங்கி என் கையில் கொடுத்தாள்.

என் மில்லில் மிளகாய் அரைக்கிற நாளில் ரிகர்சல் கிடையாது என்று பிறகு சட்டம் வந்தது. அதற்கு முந்தின ஒரு மிளகாய் நாளில் நடந்ததை எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எல்லாரும் ஒரே தாளத்தில் தும்மியது அன்றைக்கு மட்டும்தான். "இந்த ஒத்துமை வாசிக்கிறப்ப எங்கய்யா போவுது?" என்று சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினார்.

ஒற்றுமைதான் எங்கள் பிரச்சினை. ஒருமாதிரி ஒன்றாக ஆரம்பித்துவிடுவோம். ஒன்றாக முடிக்க வராது. ஒருவர் பின் ஒருவராக, சந்தை கலைவது மாதிரி முடிப்போம். எல்லாரும் நின்ற பிறகும் முருகேசன் மட்டும் போய்க்கொண்டே இருப்பான்.

"ஜீப்பு! நிறுத்துன்னா நிறுத்தணும்யா!"

"பிரேக்கு பிடிச்சிட்டேன் சார். எறக்கம் இல்லையா, கொஞ்சம் போய்த்தான் நிக்கும்."

ஒரு மழை நாள் மத்தியானம் கரண்ட் இல்லை. சார் மில்லுக்கு வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார். ஏரியலை நீட்டாமல் பையிலேயே வைத்திருந்தார். அது அதிசயம்.

"மில்லு, கை தட்டற சத்தம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. ஸ்கூல்ல தட்டியிருக்கேன். மத்தவங்களுக்கு."

"எனக்குத் தெரியாதுய்யா. ஸ்டுடியோவுல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் உக்காந்திருப்பாரு. நாங்க உயிரைக் குடுத்து வாசிப்போம். முடிஞ்சதும் ஸ்பீக்கர்ல ஒரு குரல் வரும். நல்லா இருந்தா 'ஓகே'. நல்லா இல்லன்னா 'ஒன் மோர்'. நாப்பது வருஷம் நான் கேட்டது அவ்ளோதான்."

"படம் வந்தா தியேட்டர்ல தட்டுவாங்களேங்க?"

"தட்டுவான். அதுக்குன்னே டிக்கெட் வாங்கிட்டுப் போவேன். ஒரு படத்துல என் ஃபிடில் தனியா வர்ற இடம் ஒண்ணு. காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்கேன். கரெக்டா அந்த எடத்துல ஹீரோ சுவரு ஏறிக் குதிக்கிறான். விசிலு, கை தட்டு, பேப்பரைக் கிழிச்சுப் போடறது! நான் வாசிச்சது எனக்கே கேக்கல." சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு தடவை, எனக்குன்னு ஜனங்க தட்டி, அத நான் நின்னு கேக்கணும். அவ்ளோதான்."

"ஊர்ல சொன்னா தட்ட மாட்டாங்களா? நான் சொல்றேங்க" என்றேன். நான் எப்படிச் சொல்லியிருப்பேனோ, அது வேறு விஷயம்.

"மூச்! கேட்டு வாங்கினா அது கை தட்டல் இல்ல, வசூல். யார்கிட்டயாவது சொன்னே, உன் ஃபிடிலைப் பிடுங்கிடுவேன்."

கரண்ட் வந்தது. "அரை" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே எதிர்வீட்டுக்குப் போனார்.

சார் வந்த மறு வருஷம் ஊர்த் திருவிழாவில் வாசிக்கப் பத்து நிமிஷம் கேட்டார். கமிட்டித் தலைவர் மளிகைக்கடை கோவிந்தண்ணன் தலையைச் சொறிந்தார்.

"சார், ஜனங்க ஆடறதுக்கு வருவாங்க. கலசபாக்கத்துல இருந்து மெல்லிசை செட்டு சொல்லி கீது. இதுல ஃபிடிலு இன்னா பண்ணும்?"

"ஆட வேணாங்க. கேட்டாப் போதும்."

"கேட்டுட்டு கை தட்டாம சும்மா குந்தியிருந்தாங்கன்னா? எனக்குத்தான் பேரு கெடும்."

சார் ஏரியலை ஒரு தடவை நீட்டி மடக்கினார். "ஜனங்க கை தட்டலன்னா அடுத்த வருஷம் வந்து கேக்க மாட்டேன். குச்சியை மடக்கிடறேன். பத்து ஃபிடிலையும் பொட்டில போட்டு மூடிடறேன். போதுமா?"

கோவிந்தண்ணனுக்குப் போதும். மறுநாளில் இருந்து எங்களுக்கு இரண்டு வேளை ரிகர்சல். ஃபிடிலைத் தொட்டால் கேலி செய்கிற செல்விகூட அன்றைக்கு, "இன்னாத்துக்கு அந்த மனுஷன் இப்படி வாயைக் குடுத்தாரு?" என்றாள்.

திருவிழா அன்று வெயில் தாழ்கிற நேரத்தில் எல்லாரும் மில்லுக்கு வந்தார்கள். நான் மோட்டாரைப் போட்டேன். அதோடு சுதி சேர்த்தோம். மைதானத்தில் ஜெனரேட்டர் ஓடும், அது வேறு சுதி, அதைக் காதில் வாங்கவே கூடாது என்பது சாரின் உத்தரவு. எங்கள் ஊர்க் குளிரில் கம்பி இறங்கிவிடும் என்பதால் ஒவ்வொருவரும் ஃபிடிலைக் கம்பளியில் சுற்றி, தண்ணீர் தளும்பாமல் குடம் தூக்குவது மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்தோம். எதிரே வந்த ஒரு பாட்டி பதறிப்போய், "யார் வூட்ல இத்தனை கொழந்தை பொறந்துது?" என்று கேட்டது. கம்பளியை இன்னும் இழுத்து மூடிக்கொண்டு நடந்தோம். பேசினால் சுதி போய்விடும்.

மேடையில் முருகேசனுக்குப் பின்னால் நாற்காலி போடச் சொல்லி ஏற்கெனவே கெஞ்சி வைத்திருந்தேன். அவன் அகலமான ஆள். அவன் முதுகுக்குப் பின்னால் இருந்து பார்த்தால் எனக்குச் சார் நன்றாகத் தெரிவார், ஜனங்களுக்கு நான் தெரியமாட்டேன். மைதானம் நிறைந்திருந்தது. பஜ்ஜி போடுகிறவர்கள், பலூன்காரர், கீழ்க் கிராமங்களில் இருந்து வந்த சொந்தக்காரர்கள், கயிற்றோடு நாலு ஆடு. கோவிந்தண்ணன் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

சார் எங்கள் பக்கம் திரும்பி, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஏரியலை நீட்டினார். அது வெயிலில் பளிச்சென்றது. அவ்வளவுதான். மைதானத்தில் பஜ்ஜிச் சட்டி அடுப்பில் இருந்து இறங்கியது. ஜெனரேட்டரைக்கூட யாரோ போய் நிறுத்திவிட்டார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்களின் வாயை உள்ளூர்க்காரர்கள் பொத்தினார்கள்.

வாசித்தோம். அவரே எங்களுக்காக எழுதின சின்ன மெட்டு. மேலே ஏறி, ஒரு வளைவில் திரும்பி, மெதுவாக இறங்குகிற மெட்டு. எங்கள் மலை ரோடு மாதிரி என்று முருகேசன் சொல்வான். அன்றைக்கு எங்களுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. ஷகீலா அக்காவின் தையலில் ஒரு பிசிறு இல்லை. எனக்கு மாவு தானாக விழுந்தது. கடைசி இறக்கம் வந்தது. சார் கண்கள் முருகேசனையே பார்த்தன. குச்சி மேலே போய் நின்றது. நாங்கள் நின்றோம். முருகேசனும் நின்றான்!

முதல் தடவையாக ஒன்றாக முடித்துவிட்டோம்.

சார் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு. முதுகுக்குப் பின்னால் இருந்து வரப்போகும் சத்தத்துக்காக நின்றார்.

சத்தம் வரவில்லை.

எப்படி வரும்? குச்சி இறங்கவில்லையே! ஊர் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக அவரே பழக்கிய பழக்கம். கடைசி நாதம் காற்றில் கரைகிறது என்று ஜனங்கள் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களுக்காகக் காத்திருந்தார். அவர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். நாலு ஆட்டின் வாயிலும் கை இருந்தது.

சாருடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை நான் பார்த்தேன். இரண்டு பக்கமும் என்ன நடக்கிறது என்று அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். "சார், குச்சிய எறக்குங்க" என்று கண்ணாலேயே ஜாடை காட்டினேன். புருவத்தைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். அவர் கண்ணைத் திறந்தபோது நான் ஏதோ வலிப்பு வந்தவன் மாதிரி இருந்திருப்பேன். வாய் திறக்க முடியாது. திறந்தால் டேக் போய்விடும். எனக்கும் அதே பழக்கம்தானே!

கடைசியில் அவர் மூச்சு விட்டார். தோள் தளர்ந்தது. 'அவ்ளோதான்' என்கிற மாதிரி கை தானாகக் கீழே விழுந்தது. கையோடு குச்சியும் இறங்கியது.

இடி விழுந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த சத்தத்தை எல்லாம் ஊர் ஒரேயடியாக அவிழ்த்துவிட்டது. கை தட்டல், விசில், பஜ்ஜிச் சட்டியில் கரண்டி, வரிசையாக நின்ற ஜீப்களின் ஹாரன், கடைசியில் நாலு ஆடும். செல்வி ஒரு தகர நாற்காலியில் ஏறி நின்று தட்டிக்கொண்டிருந்தாள்.

சார் திடுக்கிட்டுத் திரும்பினார். நாற்பது வருஷப் பழக்கம். குச்சியை நீட்டி ஒரு கத்துக் கத்தினார்:

"யார்யா அது சத்தம்? டேக் போச்சு!"

கை தட்டல் இன்னும் அதிகமானது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நீட்டின குச்சி நீட்டினபடியே நின்றார். அதற்குள் யாரோ "ஒன்ஸ் மோர்!" என்று குரல் கொடுக்க, மைதானமே அதைப் பிடித்துக்கொண்டது. சாருடைய முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கம் திரும்பி ரகசியமாக, "எங்கய்யா தப்பு வந்துது? எனக்குக் கேக்கலையே?" என்றார்.

"தப்பு இல்ல சார். நல்லா கீதுன்னு கேக்கிறாங்க" என்றார் ஷகீலா அக்கா.

"நல்லா இருந்தா எதுக்கும்மா இன்னொரு வாட்டி?"

"நல்லா இருந்தாத்தான் சார் இன்னொரு வாட்டி! உங்க ஊர்ல இத்தகூட சொல்லித் தரலயா?"

இரண்டாவது தடவை நாங்கள் படு மோசமாக வாசித்தோம். ஷகீலா அக்காவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர், தையல் தெரியவில்லை. முருகேசன் மேட்டிலேயே பிரேக்கை விட்டுவிட்டான். ஆனால் சார் இப்போது சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். நாங்கள் முடிப்பதற்கு முன்னாலேயே குச்சியை டக்கென்று இறக்கிவிட்டார். கை தட்டலில் முருகேசன் எங்கே போய் நின்றான் என்று யாருக்கும் கேட்கவில்லை. மெல்லிசை செட்டுக்காரர்கள் வந்து சேர்ந்து மேடைக்குக் கீழே வெகுநேரம் காத்திருந்தார்கள். சார் இறங்குகிற மாதிரி தெரியவில்லை.

சார் இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். முட்டி வலிக்கு எங்கள் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. போகும்போது ஒரு ஃபிடிலை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் எங்களிடம்தான். வருஷா வருஷம் திருவிழாவில் வாசிக்கிறோம். கோவிந்தண்ணன் அவராகவே வந்து கூப்பிடுகிறார்.

வாரத்தில் ஒரு நாள் எனக்குப் போன் வரும்.

"மில்லு, மெஷின் ஓடுதா? போனைக் கிட்டக் கொண்டு போ."

போனை மோட்டார் பக்கத்தில் பிடிப்பேன். அங்கே அவர் கம்பியைத் திருகிச் சுதி சேர்ப்பது கேட்கும். நடுவில் கரண்ட் குறைந்தால் பெங்களூரில் இருந்தே திட்டு வரும். ஃபிளாட்டில் அவர் வாசித்தால் மேல் வீட்டில் இருந்து, "சத்தம் போடாதீங்க" என்று ஆள் அனுப்புகிறார்களாம். அதனால் கார் நிறுத்துகிற இடத்துக்குப் போய், யாருடைய காருக்கோ பின்னால் நின்று வாசிக்கிறார். நான் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்பேன். மாவுக்கு வந்தவர்களும் வாயைத் திறக்காமல் நிற்பார்கள்.

வாசித்து முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. குச்சி இன்னும் மேலே இருக்கிறது என்று அர்த்தம். காத்திருப்பேன். பிறகு ஏரியலை மடக்குகிற 'டிக்' சத்தம் கேட்கும். போனை மாவுத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க, இரண்டு கையாலும் தட்டுவேன். கையில் இருக்கிற மாவெல்லாம் பறந்து மில் முழுக்கப் புகை மாதிரி நிற்கும். அது அடங்கும் வரை தட்டுவேன்.